இடம் மாறிய வாசல்: தோட்டமும் பொறியியல் கல்வியும்



சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் இரயில் பாதை 1891-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சுங்கை ஊஜோங் இரயில்வே என்பது அதன் பெயர். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் இந்நாடெங்கும் பாதைகள் நீண்டன, சாலைகள் பெருகின, பாலங்கள் எழுந்தன. அந்த வேலைத்தலங்களில் மண் சுமந்தவர்களிலும் கல் உடைத்தவர்களிலும் நம் பாட்டன்மார் பெருந்தொகையினராக இருந்தார்கள். பாதை எந்த வழியாகப் போக வேண்டும், பாலத்தின் தூண் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களோ வேறு சிலர். மண்வெட்டி பிடித்த கைக்கும் வரைபடம் பிடித்த கைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது? அந்தத் தூரத்தை நம் பிள்ளைகள் எவ்வாறு கடந்தார்கள், எங்கே தடுக்கப்பட்டார்கள்? இன்றைய உரையில் நாம் காணவிருக்கும் வரலாறு இதுதான்.

முதலில் ஒரு செய்தியைக் கவனிப்போம். அக்காலத்தில் பொதுப்பணி இலாகாவிலும் இரயில்வேயிலும் நில அளவை இலாகாவிலும் தமிழ் பேசுவோர் பலர் மேசை வேலை பார்த்தனர். எழுத்தர், நிலைய அதிபர், நில அளவையாளர், தொழில்நுட்ப உதவியாளர் என்று பல பதவிகளில் இருந்த அவர்களில் மிகப் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஒரே மொழி பேசிய இரு சாராரில் ஒருவர் மேசையிலும் மற்றொருவர் வெளிக்காட்டிலும் வேலை செய்தார்கள். அறிவில் வேற்றுமையா? இல்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1816 முதல் பள்ளிகளை நிறுவி வந்தார்கள். வட்டுக்கோட்டையில் 1823-இலேயே ஓர் உயர்கல்விக் கூடம் தோன்றியது. ஊருக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பள்ளி இருந்தது. அதில் படித்தவர்களுக்கு இங்கே மேசை வேலை கிடைத்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கங்காணியோடு கப்பலேறிய ஏழைகளின் ஊர்களில் அத்தகைய பள்ளி இல்லை. அன்றைய வாசல் ஆங்கிலப் பள்ளி.

அந்த வாசலைத் தாண்டியவர்களுக்கும் பொறியியல் பட்டம் எளிதில் கிட்டிவிடவில்லை. கோலாலம்பூரில் 1904-ஆம் ஆண்டில் தொழில்நுட்ப வகுப்பு ஒன்று தொடங்கியது. அரசாங்க இலாகாக்களுக்குக் கீழ்நிலைத் தொழில்நுட்ப ஊழியர்களைப் பழக்குவதே அதன் நோக்கம். அது வளர்ந்து 1946-இல் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. பொறியியல் பட்டமே வேண்டுமென்றால் கடல் கடக்க வேண்டும். 1912-இல் வகுப்புகளைத் தொடங்கிய ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆரம்பத்திலேயே பொறியியல் துறை இருந்தமையால் மலாயா மாணவர் சிலர் அங்கே சென்றனர். இங்கிலாந்துக்குச் சென்றோரும் உண்டு. நம் தாய்த்தமிழகத்தில் 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி பெயர் பெற்று விளங்கியது. கப்பல் கட்டணமும் கல்விக் கட்டணமும் செலுத்த வல்ல குடும்பத்துக்கே இவையெல்லாம் எட்டும். நாட்கூலிக்குப் பால்மரம் வெட்டிய குடும்பம் அதைக் கனவிலும் நினைக்கவில்லை.

தோட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. இச்சட்டத்தால் எழுத்தறிவு லயத்து வாசல் வரை வந்தது என்பது உண்மை. ஆனால் அந்தப் பள்ளி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் கவனித்தார். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் ஓய்வு நேர ஆசிரியர். சில ஆண்டுகள் படித்த பின், தாயோடு நிரைக்குப் போய்க் கோப்பை துடைப்பதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதுமே பிள்ளையின் வேலையாகிவிட்டது.

நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் நெருங்கியிருந்தன. லாபு, ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன் பக்கத்தில் ஒரு தொகுதி. பகாவ், ரொம்பின் பக்கத்தில் ஜெராம் பாடாங், கெடீஸ், செயிண்ட் ஹெலியர் முதலிய தோட்டங்கள் ஒரு தொகுதி. இம்மாநிலத் தோட்டத் தொழிலாளரிடையே 1946-இல் சங்கப் பணி தொடங்கியவர் பி.பி. நாராயணன். 1954-இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தூணாக நின்றவரும் அவரே. கூலி உயர்வும் வேலைப் பாதுகாப்பும் அச்சங்கத்தின் போராட்டங்களால் கிடைத்தன. வயிறு ஓரளவு நிறைந்த பின்னரே குடும்பங்கள் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி எண்ண முடிந்தது.

நேயர்களே, இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரே லயத்தில், ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். மூத்தவன் 1950-இலும் நடுவிலுள்ளவள் 1953-இலும் இளையவன் 1963-இலும் பிறந்தவர்கள். மூவரும் சமமான கெட்டிக்காரர்கள். மூவருக்கும் கணக்கென்றால் உயிர்.

மூத்தவன் 1962-இல் ஆறாம் ஆண்டில் இருப்பான். அக்காலத்தில் இடைநிலைப் பள்ளியில் சேர ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நாடு முழுவதும் ஏறத்தாழப் பத்தில் மூன்று பிள்ளைகளுக்கே அத்தேர்வு வழிவிட்டது. எஞ்சியவர்களுக்குப் பன்னிரண்டு வயதோடு படிப்பு முடிந்தது எனலாம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தோட்டப் பிள்ளையும் சிரம்பான் நகரத்துப் பிள்ளையும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டார்கள். மூத்தவன் அதில் தவறினால் மறுமாதமே பால் வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போயிருப்பான்.

அந்தத் தேர்வு 1964-இல் கைவிடப்பட்டது. 1965 முதல் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் எல்லாரும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லலாம் என்றாயிற்று. 1953-இல் பிறந்த தங்கை 1965-இல்தான் ஆறாம் ஆண்டை முடிப்பாள். அண்ணனுக்குப் பூட்டியிருந்த கதவு தங்கைக்குத் திறந்திருந்தது. அவள் அண்ணனைவிட ஓர் எழுத்தும் கூடுதலாகக் கற்றவள் அல்லள். பிறந்த ஆண்டே வேறு.

ஆனால் தங்கைக்கு வேறொரு வாசல் காத்திருந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளை முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் புதிய போதனா மொழியைப் பழக வேண்டும். தோட்டத்தில் கேட்டறியாத மொழியில் அறிவியலும் கணிதமும் கற்க அந்த ஓராண்டு போதுமா? பலருக்குப் போதவில்லை. பள்ளியோ பல மைல் தொலைவில் உள்ள பட்டணத்தில். பேருந்துக் கட்டணம், சீருடை, காலணி, புத்தகம் என்று செலவு கூடிற்று. பெண் பிள்ளையைத் தனியே அனுப்பவும் பெற்றோர் தயங்கினர். சட்டம் கதவைத் திறந்தாலும், கடக்க வேண்டிய படி உயரமாகவே இருந்தது.

இதற்கிடையே பட்டப்படிப்பு நாட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. அதன் பொறியியல் துறை 1958-இல் கோலாலம்பூர் பந்தாய் பள்ளத்தாக்கில் குடியேறியது. சிரம்பானிலிருந்து ஓர் இரயில் பயணத் தொலைவில் பொறியியல் பட்டம் கிடைக்கும் நிலை ஏற்பட்டது. கோலாலம்பூர் தொழில்நுட்பக் கல்லூரியும் 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற பெயர் பெற்றது. ஹாங்காங்குக்கும் இங்கிலாந்துக்கும் போக வேண்டிய காலம் மாறியது. ஆனால் இடங்களோ சில நூறு; விண்ணப்பிப்போர் தொகையோ மிகப் பெரிது. ஆறாம் படிவத் தேர்வில் பௌதிகத்திலும் கணிதத்திலும் சிறந்த தேர்ச்சி பெற்றவர்களையே பல்கலைக்கழகம் பொறுக்கி எடுத்தது.

இனி இளையவனைப் பார்ப்போம். 1970-இல் அவன் ஒன்றாம் ஆண்டில் சேர்வான். அவ்வாண்டில்தான் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் ஆண்டு மலாய் மொழிக்கு மாறத் தொடங்கியது. அம்மாற்றம் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 1983-இல் பல்கலைக்கழகத்தின் முதலாண்டை எட்டியது. புகுமுக வகுப்பு ஓராண்டையும் சேர்த்தால் நம் இளையவன் 1984-இல் பல்கலைக்கழக வாசலில் நிற்பான். மூத்தவனின் காலத்தில் ஆங்கிலம் வாசலாக இருந்தது; இளையவனின் காலத்தில் மலாய் மொழி வாசலாயிற்று. இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருந்தது. 1971-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம், உயர்கல்விக் கூடங்களில் பூமிபுத்ராக்களுக்கு இடம் ஒதுக்க வழி செய்தது. எஞ்சிய இடங்களுக்கான போட்டி மிகக் கடுமையாயிற்று.

இந்த நெருக்கடியான காலத்தில்தான் நம் சமுதாயத்திலிருந்தே ஒரு முயற்சி பிறந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா, 1982-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மாணவர்களைத் திரட்டி ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் வெளியே நிற்கும் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பது அதன் அடிப்படை. பாடத்தோடு ஒழுங்கும் இறைவழிபாடும் பெற்றோர் கூட்டமும் சேர்ந்தன. தேர்வுக்கு முன் கல்வி யாத்திரையாகப் பிள்ளைகளும் பெற்றோரும் திரளும் வழக்கமும் ஏற்பட்டது. அரசாங்கம் எழுப்பிய கட்டடம் எதையும்விட இத்தகைய நிலையங்கள் தோட்டத்துக்கு அளித்த பெருங்கொடை ஒன்று உண்டு. அது செய்தி. எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும், எப்போது விண்ணப்பிக்க வேண்டும், எவரைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்த ஒருவர் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைத்தார்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் அறிவது என்ன? வாசல் ஒருபோதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. அது ஆங்கிலப் பள்ளியில் இருந்தது. பிறகு ஆறாம் ஆண்டுத் தேர்வுக்கு வந்தது. பிறகு புகுமுக வகுப்புக்கும் புதிய மொழிக்கும் நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் நகரத்துக் குடும்பங்களுக்கு அச்செய்தி முன்னதாகத் தெரிந்தது. தோட்டத்துக் குடும்பத்துக்குப் பிந்தித் தெரிந்தது. பழைய வாசலில் போய்த் தட்டிக்கொண்டிருந்தோம். புதிய வாசலில் வேறொருவர் நுழைந்துகொண்டிருந்தார்.

அப்படியானால் இப்போது வாசல் எங்கே இருக்கிறது? பலர் நினைப்பதுபோல் பல்கலைக்கழகப் பாரத்தை நிரப்பும் நாளில் அது இல்லை. நான்காம் படிவத்தில் இருக்கிறது. மூன்றாம் படிவம் முடிந்து, பதினாறு வயதில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பௌதிகத்தையும் கூடுதல் கணிதத்தையும் ஒரு பிள்ளை விட்டுவிட்டால், புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பொறியியல் வகுப்புக்குப் போகும் நேர்வழி அன்றே ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. “கஷ்டமான பாடம் வேண்டாம், சுலபமானதை எடு” என்று அன்போடு சொல்லும் ஒரு சொல், பிள்ளைக்குத் தெரியாமலே கதவைச் சாத்திவிடும். கூடுதல் கணிதத்தில் முதல் ஆறு மாதங்கள் தடுமாறுவது இயற்கை. அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு அஞ்சிப் பாடத்தை மாற்றிவிடலாகாது.

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் வழிகள் பிரிகின்றன. ஒன்று மெட்ரிகுலேஷன். 1990-களின் இறுதியில் கல்வி அமைச்சு தொடங்கிய இத்திட்டம், 2003 முதல் பத்து விழுக்காட்டு இடங்களைப் பூமிபுத்ரா அல்லாதாருக்கும் திறந்துவிட்டது. இந்திய மாணவர்களுக்கென்று 2012-இல் 1,500 இடங்களும் 2018-இல் 2,200 இடங்களும் அறிவிக்கப்பட்டன. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-க்களும் அதற்கு மேலும் பெறும் மாணவர் எவ்வினத்தவராயினும் மெட்ரிகுலேஷனில் இடம் பெறுவர் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. இக்கல்லூரிகளுள் ஒன்று நம் மாநிலத்தில் கோலப்பிலாவிலேயே இருக்கிறது. பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அது தொலைவன்று. ஆயினும் இடம் கிடைத்த பிள்ளைகள் சிலர் அதை ஏற்காமல் விட்ட செய்தியும் முன்பு வந்ததுண்டு. இடத்தைப் பெறுவதோடு, அதன் மதிப்பை உணர்வதும் வேண்டும்.

இரண்டாவது வழி ஆறாம் படிவம். எஸ்.டி.பி.எம். தேர்வு கடினமானது என்று பெயரெடுத்தது. ஆனால் செலவு குறைவு, வீட்டிலிருந்தே போகலாம். முன்னாளில் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற பலர் நடந்த பாதை அது. மூன்றாவது வழி பாலிடெக்னிக். போர்ட்டிக்சனில் அத்தகைய கல்லூரி இருக்கிறது. எஸ்.பி.எம். பெறுபேறு சற்றுக் குறைந்த பிள்ளையும் அங்கே டிப்ளோமா பெற்று, நன்றாகத் தேறினால், பின்னர்ப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வழி சற்று நீளம். போய்ச் சேரும் ஊர் ஒன்றே.

2002 முதல் பல்கலைக்கழகச் சேர்க்கை தகுதி அடிப்படையில் நடைபெறுகிறது என்று அறிவிக்கப்பட்டது. நூறு புள்ளிகளில் தொண்ணூறு கல்வித் தேர்ச்சிக்கும் பத்து புறப்பாட நடவடிக்கைக்கும் உரியவை. அந்தப் பத்தைத் தோட்டத்துப் பெற்றோர் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். சாரணர் இயக்கம், சீருடைப் படை, விளையாட்டு, பேச்சுப் போட்டி ஆகியவற்றின் சான்றிதழ்களை ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். மிகவும் விரும்பப்படும் பொறியியல் பிரிவுகளில் ஒரு புள்ளியின் பின்னத்திலேயே ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நிற்க நேரிடும்.

இவையெல்லாவற்றுக்கும் முன் ஒரு தாள் வேண்டும். அது பிறப்புப் பத்திரம். தோட்டங்களில் பிறப்பைப் பதியாமல் விட்டதாலும், திருமணத்தைப் பதியாமல் விட்டதாலும் நீல அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் உருவானார்கள். 2011-இல் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கமே நடத்த வேண்டிய நிலை வந்தது. குடியுரிமைச் சான்று இல்லாத பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகமும் உதவித் தொகையும் எட்டாக்கனியாகிவிடும். எவ்வளவு ஏ-க்கள் பெற்றாலும் அந்தச் சிக்கலைத் தேர்வு தீர்க்காது. வீட்டில் அத்தகைய குறை இருக்குமானால், பிள்ளை ஒன்றாம் ஆண்டில் இருக்கும்போதே பதிவு இலாகாவுக்குச் செல்ல வேண்டும். ஐந்தாம் படிவம் வரை காத்திருப்பது தாகமெடுத்த பின் கிணறு வெட்டுவதாகும்.

பணத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே. 2001-இல்தான் பால்மரத் தொழிலாளருக்கு மாதத்துக்கு 325 ரிங்கிட் என்ற உறுதிச் சம்பளம் கிடைத்தது. அதற்கு முன் மழை பெய்தால் கூலி இல்லை என்ற நிலை. அக்குடும்பம் மேற்படிப்புச் செலவை நினைத்து மலைத்ததில் வியப்பில்லை. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தைவிட மிகக் குறைவு. 1997 முதல் பி.டி.பி.டி.என். கடனுதவி இருக்கிறது. 1960-இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் தன் அங்கத்தினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கி வந்திருக்கிறது. தாத்தா பாட்டி பங்கு வாங்கியிருந்தால் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

பெற்றோர்களே! உங்களில் பலருக்குக் கூடுதல் கணிதம் தெரியாது, பௌதிகம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் செய்யக்கூடியவை நான்கு. மூன்றாம் படிவத்தின் இறுதியில் பள்ளிக்குச் சென்று, “என் பிள்ளைக்கு எந்தப் பாடங்கள் தருகிறீர்கள், ஐயா?” என்று ஆசிரியரைக் கேளுங்கள். பத்திரங்களையும் சான்றிதழ்களையும் ஒரே பெட்டியில் வையுங்கள். எஸ்.பி.எம். முடிந்ததும் பிள்ளை சம்பளத்துக்குப் போய்விடாமல், விண்ணப்பத் தேதிகள் தவறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள். ஒரு மறுப்போடு சோர்ந்துவிட வேண்டாம்.

பிள்ளைகளே! நீங்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டால் ஒரு கடமை உண்டு. 1982-இல் சில மாணவர்கள் செய்ததை நீங்களும் செய்ய வேண்டும். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போது, நான்காம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகள் நால்வரைக் கூட்டி உட்கார வைத்து, வாசல் இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். அது இனியும் இடம் மாறும். மாறும்போது முதலில் அறிபவர்கள் நீங்கள்தாம். 1962-இல் பால் வாளியைத் தூக்கிய அந்த மூத்தவனுக்கு அவ்வாறு சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. இன்று அவனுடைய பேரப்பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம்.

வணக்கம்.